சுவருக்கு உடைமையாளர் உண்டு, சித்திரத்துக்கு யார்?

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தபோது அறிவிக்கப்பட்ட மதிப்பு 4,181 கோடி ரூபாய். குடிநீர், கழிவுநீர், பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு என்று அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எப்போதோ வந்திருக்க வேண்டியவை. அவற்றில் ஒரு ரூபாயைக்கூடக் குறைத்துக் கலைக்குக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் இத்தகைய திட்டங்களோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும் வேலை ஒன்று இருக்கிறது. அதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் ‘அழகுபடுத்துதல்’. மேம்பாலத் தூணில் ஓவியம், பள்ளி மதிலில் ஓவியம், சாலைச் சந்திப்பில் சிலை. திறப்பு விழா நடக்கிறது, படம் எடுக்கிறார்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் போகிறது. இரண்டு மழைக்காலம் கழித்து வண்ணம் உரிந்து, மேலே சுவரொட்டி ஏறி, கீழே குப்பை சேர்ந்த பிறகு அது யாருடைய பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் அதிகாரி இல்லை. அந்தப் பதிலை எழுத்தில் கொடுத்துவிட்டுத்தான் அரசு அடுத்த சுவருக்கு வண்ணம் வாங்க வேண்டும்.

பதில் கிடைக்காததற்குக் காரணம், இந்தப் பகுதியின் நிலம் துண்டு துண்டாகப் பல துறைகளின் கையில் இருப்பது. ராஜாஜி சாலையில் நடக்கத் தொடங்கினால் கிழக்கே நீளும் மதில் துறைமுக ஆணையத்துடையது. அதாவது ஒன்றிய அரசுடையது. தண்டவாளத்தை ஒட்டிய சுவர் தெற்கு ரயில்வேயுடையது. 1856-ல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கும் ராயபுரம் நிலையக் கட்டடமும் அவர்களுடையதுதான். காசிமேட்டில் மீன்வளத் துறை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-ல் நீட்டிக்கப்பட்ட தடத்தின் தூண்கள் மெட்ரோ நிறுவனத்துடையவை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மதில் அறநிலையத் துறைக்கு. எண்ணூர் பக்கம் போனால் காமராஜர் துறைமுகம், மின்வாரியம். நடுவே மிச்சம் இருப்பது மாநகராட்சிக்கு. ஒவ்வொரு சுவருக்கும் சர்வே எண்ணோடு ஓர் உடைமையாளர் இருக்கிறார். சுவரில் தீட்டிய சித்திரம் எந்தச் சொத்துப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. வரைந்த நாளோடு அது கணக்கில் தீர்ந்துபோன செலவு.

திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்தவை. மாநகராட்சியோடு சேர்த்தபோது வரி பாக்கி, கட்டடம், வாகனம், பணியாளர் எல்லாம் கைமாறின. பழைய நகராட்சிகள் பூங்காவிலும் சந்திப்பிலும் வைத்த சிலைகளும் நினைவுத் தூண்களும் அந்தக் கைமாற்றத்தில் எந்தத் தலைப்பின் கீழ் வந்தன? மாநகராட்சி அந்தப் பட்டியலை மண்டல அலுவலகத்தின் வாசலில் ஒட்டட்டும். மக்கள் சரிபார்த்துக்கொள்வார்கள்.

சுவரோவியத்தில் இந்த நகரத்துக்கு அனுபவம் போதாது என்று சொல்ல முடியாது. 2009 வாக்கில் மாநகராட்சி சுவரொட்டிகளை ஒழிக்க எடுத்த வழியே ஓவியம்தான். தமிழர் பண்பாட்டுக் காட்சிகளைப் பொதுச் சுவர்களில் தீட்டச் சொன்னது. பேனர் எழுதிப் பிழைத்து, ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை இழந்த ஓவியர்களுக்கு அது சில காலம் சோறு போட்டது. நல்ல முயற்சி. ஆனால் மறுபூச்சுக்கு வழிவகை இல்லை. வண்ணம் மங்க மங்கச் சுவரொட்டி திரும்பியது. 2020-ல் நகரின் தெற்கே கண்ணகி நகரில் ஒரு கலை அறக்கட்டளையும் வண்ண நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டின. நகரமே திரும்பிப் பார்த்தது. அந்த மாதிரியை வடக்கே கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: கடற்காற்றில் வெளிப்பூச்சுக்கு ஆயுள் சில ஆண்டுகள். அதை மீண்டும் தீட்டும் செலவு முதல் நாள் மதிப்பீட்டிலேயே இல்லாவிட்டால், வரைவது ஓவியம் அன்று, விளம்பரம்.

வடக்கில் அந்த ஆயுள் இன்னும் குறைவு. உப்புக் காற்றோடு இங்கே கரித்தூளும் கந்தகப் புகையும் சேர்கின்றன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-லிருந்து 2017 வரை ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் ஓடுகிறது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை 2011-ல் உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகு ராயபுரத்துக்கு மூச்சு வந்தது. அந்தத் தூசி எண்ணூருக்கு இடம் மாறியது. இதோடு எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. மனித நுரையீரலுக்கு இது செய்யும் கேடுதான் முதல் வழக்கு, அதில் ஐயமில்லை. அதே காற்றுதான் வெண்கலத்தின் மேலும் படிகிறது. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகிறது. ஈரம் இருக்கும்வரை அந்த அரிப்பு உள்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். சிமென்ட் சிலையில் உப்பு உள்ளிறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு உப்பி, விரலும் மூக்கும் வெடித்து விழுகின்றன.

இதற்கு இன்று நடக்கும் வைத்தியம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் ஒரு டப்பா தங்க வண்ணம். களிம்பின் மேல் எனாமல் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கி அரிப்பு வேகமெடுக்கும். செய்ய வேண்டியதோ எளியது: உப்பில்லாத நீரில் கழுவி, உலரவைத்து, மெழுகுப் பூச்சு கொடுத்து, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிப்பது. தெரிந்தவர்களைத் தேடி வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. வேதியியலர் எஸ். பரமசிவன் வெண்கலச் சிலைகளின் களிம்பை மின்பகுப்பு முறையில் அகற்றிய இடம் அது. சிலை செய்யக் கற்றுத்தரும் அரசுக் கவின்கலைக் கல்லூரி அதற்குச் சற்றுத் தொலைவில் இருக்கிறது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் அதைத் தொடங்கியது இதே வடசென்னையின் பிராட்வேயில்தான். நோயும் இங்கே, மருத்துவரும் இங்கே. இருவரையும் சேர்த்துவைக்கும் அரசாணை ஒன்றுதான் இல்லை.

பதிவேடு இல்லாத சிலைக்கு என்ன நேரும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுவப்பட்ட கண்ணகி சிலை 2001 டிசம்பரில் ஓர் இரவில் அகற்றப்பட்டது. பீடத்தில் லாரி மோதியது என்பது சொல்லப்பட்ட காரணம். சிலை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஆட்சி மாறி, 2006 ஜூன் 3 அன்று மீண்டும் பழைய இடத்தில் ஏறியது. நாலரை ஆண்டு இரு பக்கமும் ஆவேசமாகப் பேசின. அந்த ஆவேசத்தில் கேட்கப்படாமலே போன கேள்விகள் உண்டு. அதை இறக்கும் முடிவை எடுக்க யாருக்கு அதிகாரம்? சேத அறிக்கை எழுதியவர் சிற்பம் அறிந்தவரா? பொதுமக்களுக்கு முன்னறிவிப்பு எத்தனை நாள்? இன்றும் இவற்றுக்கென ஒரு விதி கிடையாது. மெட்ரோ பணியோ சாலை விரிவாக்கமோ வந்தால் பொறியாளரின் கடிதமே முடிவு.

கண்ணகிக்காவது குரல் கொடுக்கக் கட்சிகள் இருந்தன. கொருக்குப்பேட்டையிலோ சுனாமி குடியிருப்பிலோ ஒரு சுவரோவியத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்தால் யார் கேட்பார்கள்?

சென்னையின் பொதுச் சிற்பங்களில் தலையாயது மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அதே கவின்கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர், வடித்தது. பாறையைப் புரட்டும் நான்கு உடல்கள். கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் அதற்கு மாதிரியாக நின்றார்கள் என்பது பலமுறை பதிவான செய்தி. 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்டது. சிங்காரவேலர் 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதன் நினைவாகத்தான் இன்றும் ஆண்டுதோறும் அங்கே செங்கொடி ஏறுகிறது. அன்று நடந்த கூட்டங்கள் இரண்டு. ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். அந்த இரண்டாவது கடற்கரை இப்போது இல்லை. துறைமுகம் அதை விழுங்கிவிட்டது.

இந்தக் கணக்கை வடசென்னைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். 1870-களில் துறைமுகச் சுவர் கடலுக்குள் இறங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டது. மெரினா அகன்றது, ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. கடலரிப்பைத் தடுக்க இன்று அங்கே கிடப்பவை கருங்கற்கள். அதாவது நகரம் தன் சிலைகளை வரிசையாக வைத்து மகிழும் அந்த மணல்வெளிக்கு வடக்கு தன் கரையைக் கொடுத்திருக்கிறது. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பி அண்டு சி ஆலையிலும் விம்கோவிலும் அசோக் லேலண்டிலும் உழைத்தவர்கள் வாழ்ந்த மண்ணில், அந்த உழைப்பைச் சொல்லும் தரமான பொதுச் சிற்பம் எத்தனை இருக்கிறது? 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது வடசென்னை ஆலைத் தொழிலாளர்களால்தான். கலையும் நகரின் மற்ற வசதிகளைப் போலத் தெற்கே போய்த் தங்கிவிட்டது. இருப்பதையும் பேணாமல் விட்டால் அது இரண்டாவது அநீதி.

சட்டம் இதில் பாதி வழி மட்டுமே வருகிறது. பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் புதிய சிலைக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டது. பொது இடத்துச் சிலைகளை ஒரு தலைவர்கள் பூங்காவுக்கு மாற்றுவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 அக்டோபரில் சொன்னது. இரண்டும் போக்குவரத்தையும் சச்சரவையும் கருதியவை. ஏற்கெனவே நிற்கும் கலைப்பொருளின் பராமரிப்பை அவை தொடவில்லை. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த 467 மரபுக் கட்டடங்களின் பட்டியல் உண்டு. அது கட்டடங்களுக்கானது. சட்டமன்றம் 2012-ல் நிறைவேற்றிய மரபு ஆணையச் சட்டமோ பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. சிலைகளையும் நினைவகங்களையும் பார்த்துக்கொள்வது செய்தி மக்கள் தொடர்புத் துறையின் வேலை. பிறந்தநாளன்று ஏணி வைத்து மாலை போட அந்தத் துறை தவறுவதே இல்லை. மாலை போட ஏறியவர் தோளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து எழுதிவைக்க ஒரு படிவம் கொடுத்தால்கூட ஆண்டுக்கு ஒரு பரிசோதனை நடந்திருக்கும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். தெருவுக்குத் தெரு இருக்கும் தலைவர் சிலைகளில் பல கட்சிகளும் தனியாரும் வைத்தவை, அவற்றையெல்லாம் மக்கள் பணத்தில் பேண வேண்டுமா என்று. வேண்டாம். அதனால்தான் பதிவேடு வேண்டும். எது அரசின் உடைமை, எது வைத்தவரின் உடைமை என்று பிரித்து எழுதிவிட்டால் யார் செலவு செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகும். 2018-ல் திருப்பத்தூரில் பெரியார் சிலை தாக்கப்பட்டதைப் போன்ற நிகழ்வுகளுக்கு அரசு காலங்காலமாகக் கண்ட தீர்வு இரும்புக் கூண்டு. சேரிகளின் நுழைவாயிலில் அம்பேத்கர் கம்பிக்குப் பின்னே நிற்கிறார். அந்தக் கூண்டு ஒரு சமூகத்துக்குத் தரும் அவமானத்தைப் பற்றி எந்தத் துறையும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கண்காணிப்பும் விளக்கும் பொறுப்பான காவலும் இருந்தால் கம்பி தேவைப்படாது.

மற்ற நாடுகள் இதைப் பணக்காரத்தனத்தால் மட்டும் சாதிக்கவில்லை. போருக்குப் பிந்தைய பிரான்சு 1951-ல் பொதுக் கல்விக் கட்டடங்களின் செலவில் நூற்றில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கியது. அமெரிக்காவில் 1989-ல் தொடங்கிய வெளிப்புறச் சிற்பக் கணக்கெடுப்பில் தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் போய் 30,000-க்கும் மேற்பட்ட சிற்பங்களின் நிலையைப் பதிவு செய்தார்கள். வடசென்னையில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், சங்கங்கள் இருக்கின்றன, கைப்பேசியில் கேமரா இருக்கிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மூன்று மண்டலங்களிலும் ஒரு கோடை விடுமுறைக்குள் முடிக்கக்கூடிய வேலை இது.

மாநகராட்சி இந்த மூன்று மண்டலங்களிலும் உள்ள பொதுச் சிலை, சுவரோவியம், நினைவுத் தூண் அனைத்தையும் படத்தோடும் உடைமையாளர் பெயரோடும் பதிந்து வெளியிட வேண்டும். துறைமுக ஆணையம், ரயில்வே, மெட்ரோ, அறநிலையத் துறை ஆகியவற்றோடு ஒப்பந்தம் செய்து, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் ஒரே அதிகாரியை நியமிக்க வேண்டும். எழும்பூர் ஆய்வுக்கூடத்துக்குப் பணியாளரும் நிதியும் தந்து ஆண்டுப் பரிசோதனையை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தச் சிலையை நகர்த்தவும் எந்த ஓவியத்தை அழிக்கவும் 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். வரைந்த ஓவியரின் பெயர் சுவரில் இருக்க வேண்டும். மறுபூச்சுக்கு முதலில் அழைக்கப்பட வேண்டியவரும் அவரே. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாது. இவை அரசாணையாக வரும்வரை எண்ணூர் முதல் ராயபுரம் வரை புதிய சுவரோவியத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது.