ஒரே தேதியை நம்பும் ரோஜாச் சாகுபடி

ஓசூர்ப் பிரதேசம் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதும், பெங்களூர் நகரம் சுமார் 40 கிலோமீட்டர் தூரத்திலேயே அமைந்திருப்பதும் கொய்மலர்ச் சாகுபடிக்கு மிகவும் அநுகூலமானவை. தளி, பாகலூர், கெலமங்கலம் முதலிய இடங்களில் தாஜ்மகால் போன்ற ரோஜா இனங்களும், ஜெர்பெரா முதலிய மலர்களும் பசுமைக்குடில்களில் பயிராகின்றன. இத்தொழிலின் விருத்தி சந்தோஷிக்கத்தக்கதே. ஆயினும், குடில்தோறும் சென்று வரும் விவசாய டிமான்ஸ்டிரேட்டர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. பிப்ரவரி 14-ந் தேதி காதலர் தின வியாபாரத்தை உத்தேசித்து, குடில் முழுவதையும் ஒரே வாரத்தில் கவாத்து செய்யும் வழக்கம் நன்றன்று என்பது என் அபிப்பிராயம்.

ரோஜா பூப்பதற்குப் பகற்பொழுதின் நீளம் காரணமன்று. கிளையை வெட்டிய நாளும், அதன்பின் கிடைக்கும் உஷ்ணமும் வெளிச்சமுமே பூ எடுக்கும் நாளைத் தீர்மானிக்கின்றன. உஷ்ண காலத்தில் ஏறக்குறைய 45 நாட்களில் வரும் பூ, மார்கழி, தை மாதக் குளிரில் பல நாட்கள் பிந்திவிடும். பனிமூட்டம் நீடித்தால் கணக்குத் தவறுகிறது. ஈரக்குளிரில் அடிச்சாம்பல் நோய் கண்டு இலைகளும் உதிர்கின்றன. 15-ந் தேதி மலர்ந்த ரோஜா, 10-ந் தேதி மலர்ந்ததற்கு அழகில் சற்றும் குறைந்ததன்று. விலையில் மட்டுமே குறைந்தது.

மேலும், ஒரே வாரத்தில் கொய்த செடிகள் அடுத்த பூவையும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் ஒருமிக்கவே தருகின்றன. அப்போது உஷ்ணத்தால் பூ சிறுத்துக் காம்பு குட்டையாகும். சிவப்புச் சிலந்தியும் இலைப்பேனும் மிகும். 2020-ம் வருஷம் மார்ச்சு 25-ந் தேதி ஊரடங்கு அமுலானபோது, கொய்த பூவைக் கொள்வாரின்றிக் குப்பையில் கொட்ட நேர்ந்ததை எவரும் மறந்திரார். அவ்வாபத்தை எந்தக் கவாத்து முறையும் தடுத்திராது என்பது மெய்யே. ஆனால், ஒரே பயிர், ஒரே தேதி என்று நிற்பவருக்கு அடி எவ்வளவு பலமாக விழும் என்பதை அது காட்டிற்று.

ஆகவே, குடிலை மூன்று பாகமாக்கி, ஒன்றை மட்டும் பிப்ரவரிக்கு ஒதுக்கி, மற்றவற்றைப் பதினைந்து நாள் இடைவிட்டுக் கவாத்து செய்தல் நலம். ஆடியில் கலியாணங்கள் குறைவாதலால் பூவிற்குக் கிராக்கியில்லை. ஆனிக் கடைசியில் வெட்டினால் ஆவணி முகூர்த்தங்களுக்குப் பூ கிடைக்கும். இயன்றவர்கள் ஒரு சிறு பாகத்தில் கொய்மலர்ச் சாமந்தியும் வைக்கலாம். அது நீண்ட இரவைக் கண்டே மொட்டு வைப்பதாகையால், பகல் நீண்ட மாதங்களில் மாலைதோறும் கறுப்புத் துணியால் மூடி, வேண்டிய காலத்தில் பூக்கச் செய்யலாம்.

பசுமைக்குடில் அமைக்க சர்க்கார் மானியம் உண்டு. அம்மானியம் கூரைக்கேயன்றிப் பூவின் விலைக்கன்று. புதிதாய் இத்தொழிலில் இறங்குவோருக்கு இதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் எடுத்துச் சொல்வார்களாக. வெட்டிய நாளையும் பூத்த நாளையும் ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், இரண்டொரு வருஷத்தில் தம் குடிலின் கணக்குத் தமக்கே விளங்கும்.