திருவிழாக் கூட்டத்தில் கையை விடலாமா?



ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் நம்ம பெரியபாளையம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேப்பிலை ஆடை கட்டி வருகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள் என்று ஊரே கொள்ளாத ஜனம். அந்தக் கூட்டத்தில் எந்தத் தாயாவது பிள்ளையின் கையை விடுவாளா? விடவே மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதே தாய், "தொந்தரவு பண்ணாதே, இந்தா" என்று போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். போனுக்குள்ளே இருப்பது அதைவிடப் பெரிய கூட்டம். அங்கே பிள்ளையின் கையைப் பிடித்திருப்பது யார்?

பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிற அப்பாவுக்குத் தூங்கவே நேரம் போதாது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடியபோது, ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்த வீடுகள் எத்தனை! பள்ளிக்கூடம் திறந்தது. ஆனால் போன் மட்டும் பிள்ளையின் கையை விட்டு இறங்கவில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் செய்கிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிள்ளைகளின் நலனைச் சொல்லி டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. அதே மாதத்தில் அந்தத் தடை நீங்கியது. பிறகு 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அதைத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது! கடை மாறியதே தவிர வியாபாரம் நிற்கவில்லை.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வெளியாகின. நல்ல சட்டம்தான். ஆனால் நம்ம பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். சம்மதம் கேட்டு அம்மாவின் நம்பருக்கு ஓ.டி.பி. வந்தால், அந்தப் போன் யார் கையில் இருக்கும்? பிள்ளையின் கையில்!

ஆக, சட்டம் நம்பியிருப்பது விவரம் தெரிந்த ஒரு பெரியவரை. நம் வீடுகளில் அந்த விவரம் தெரிந்தவர் யார்? போன் வாங்கினால் செட்டிங்ஸ் போடுவது யார்? ஜி.பே. வேலை செய்யாவிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? டிப்ளமோ படிக்கிற அண்ணனை, அக்காவைத்தான்! தம்பிக்குக் கணக்குத் தொடங்கும்போது பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுக் கொடுப்பதும் பல வீடுகளில் அதே அண்ணன்தான். எனவே இந்தப் பொறுப்பு முதலில் நம்மைச் சேர்ந்தது என்பது என் கருத்து.

நம் ஒர்க்‌ஷாப்பில் முதல் நாள் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? லேத்தைத் தொடுவதற்கு முன் சக் கீயை எடு, தொளதொளப்பான சட்டையோடு நிற்காதே, கார்டு போடாமல் ஓட்டாதே. லேத் கெட்டது என்று யாரும் சொல்லவில்லையே! போனுக்கும் அதே முறைதான். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை இலவசமாகவே போடலாம். புது ஆப் எதற்கும் பெரியவர் அனுமதி, இத்தனை மணிக்கு மேல் போன் பூட்டு என்று அதில் வைக்கலாம். பிறந்த வருஷத்தை உள்ளபடியே போடுங்கள். கணக்கைப் பிரைவேட் ஆக்குங்கள். கேமில் முகம் தெரியாதவர்களோடு பேசும் வசதியை நிறுத்துங்கள். யூ.பி.ஐ. ரகசிய எண் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. எல்லாம் சேர்த்து அரை மணி நேர வேலை.

ஆனால் கார்டு மட்டும் போதாது. மெஷினில் சிவப்பு பட்டன் ஒன்று உண்டு. ஆபத்து என்றால் யோசிக்காமல் அடிக்க வேண்டியது. வீட்டில் அந்தச் சிவப்பு பட்டன் நாமாக இருக்க வேண்டும். "அண்ணா, கேம்ல ஒருத்தர் என் போட்டோ கேக்கிறாரு" என்று தங்கச்சி சொல்ல வந்தால், முதல் வார்த்தையே திட்டாக இருக்கலாமா? போனைப் பிடுங்கினால், அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான்! பிள்ளையின் பயம்தான் அவனுக்கு மூலதனம். "நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்று முதலில் சொல்லுங்கள். பணம் கொடுக்காதீர்கள். மிரட்டியவனின் கணக்குப் பெயரைக் குறித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கான 1098-க்கும், பணம் போயிருந்தால் 1930-க்கும் உடனே போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு நம் கையிலிருந்தே தொடங்குகிறது. பிள்ளைகளின் ஆபாசப் படங்களைப் போனில் வைத்திருந்ததாக அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23 அன்று தள்ளுபடி செய்தது. அப்படிப்பட்ட படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று தெளிவாகச் சொன்னது. பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவின்படி முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். 'குரூப்ல வந்துச்சு, ஃபார்வர்டு பண்ணேன்' என்று சொல்லித் தப்ப முடியாது நண்பா! அந்தப் படத்தில் இருப்பதும் யாரோ ஒருவரின் தங்கச்சிதான்.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று தடுத்துவிட்டது. இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வரட்டும், வராமல் போகட்டும். அதுவரை காத்திருக்க நம் தம்பி தங்கைகளின் வயசு நிற்காது. நம் கல்லூரியில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் வீட்டில் ஒன்று, எதிர் வீட்டில் ஒன்று என்று இரண்டே போன்களைச் சரிசெய்து கொடுத்தால், எத்தனை பிள்ளைகளுக்கு அது பாதுகாப்பு! மெஷின் படிப்பு படிக்கிற நமக்கு இது பெரிய வேலையா?

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம்!