கண்ணுக்குத் தெரியாத கத்தி

போன நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவைப் பார்க்க வந்த மாமிகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ராஜகோபுரத்தை எங்கேடி வாங்கினே?"

1987-ல் கும்பாபிஷேகம் கண்ட நம் ஸ்ரீரங்கத்து 236 அடி, 13 நிலைக் கோபுரம், ஒரு சாண் உயரப் பிளைவுட்டாகப் படியில் நின்றது. "நானே வெட்டினேன்" என்றால் ஒருவரும் நம்பவில்லை.

வெட்டியது லேசர் மிஷின். சீனாவிலிருந்து வரும் 40 வாட் மிஷின், மலிவானது. இரண்டு வளையலை அடகு வைத்து வாங்கினேன். அக்ரிலிக் கோலம், பெயர்ப் பலகை என்று வெட்டித் திருச்சியில் ஒரு கடைக்குக் கொடுக்கிறேன். ஒன்பதாம் மாதமே வளையல் கைக்குத் திரும்பிவிட்டது.

கத்தி எங்கே என்கிறீர்களா? கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவில் மின்சாரம் பாய்ந்து பிறக்கும் ஒளிதான் கத்தி. 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்த குமார் படேல், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கண்ணைச் சுட்டுவிடும்.

சந்தோஷத்தைச் சொன்ன நான் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா ரெக்ஸின் துண்டு ஒன்றைக் கொடுத்து, "பர்ஸுக்குப் பூ வெட்டிக் கொடேன்" என்றாள். புகைக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடவில்லை. அஞ்சு நிமிஷ வேலைதானே என்று ஆரம்பித்துவிட்டேன். மூக்கைத் துளைக்கும் நெடி! கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமத் தொடங்கினான். மாமியார் அவனை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "காசு வரட்டும்டி, குழந்தை மூச்சு விட வேண்டாமா?" என்றார். அன்று ராத்திரி இழுப்பு. டாக்டரிடம் ஓடினோம். தேற இரண்டு நாளாயிற்று.

ரெக்ஸினில் இருப்பது பி.வி.சி. பூச்சு. அது எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். ஈரம் பட்டதும் அமிலமாகும். கண்ணும் மூக்கும் நெஞ்சும் ஈரம்தானே!

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டங்கள் இவை:

1. மிஷினுக்கு மாடியறை. புகை போகும் பக்கம் யார் வீட்டு ஜன்னலும் இருக்கக்கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமாக்காரர்கள் உள்ளே வரக்கூடாது.

2. ரெக்ஸின், வினைல், பெயர் தெரியாத பிளாஸ்டிக் எதுவும் வெட்டுவதில்லை. சந்தேகமானால் திறந்த வெளியில், செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சிப் பிளாஸ்டிக்கில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் உண்டு, மூட்டை கட்டிவிடுங்கள்.

3. வெட்டும்போது இடத்தை விட்டு நகரக்கூடாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போவோமா? அக்ரிலிக் சட்டென்று தீப்பிடிக்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

4. மலிவு மிஷின்கள் பலவற்றில் மூடியைத் திறந்தாலும் ஒளி நிற்காது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, திறந்தால் நிற்கும் சுவிட்ச் போடச் சொன்னேன். எர்த் கம்பியையும் சரிபார்க்கச் சொன்னேன். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.

5. சாதாரணக் கூலிங் கிளாஸை நம்பவே கூடாது. இந்த ஒளிக்கென்றே உள்ள கண்ணாடிதான் வேண்டும்.

6. குழாயைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச். நின்றால் குழாய் வெடித்துப் போகும்.

இப்போதும் நான் மாடி ஏறும்போதெல்லாம் மாமியார் கீழிருந்து குரல் கொடுக்கிறார்: "ரெக்ஸின் இல்லையேடி?" முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் குரல் கேட்காவிட்டால் நானே இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போகிறேன்: "இல்லேம்மா, பிளைவுட்தான்!"