முதல் நாளே மலையைத் தூக்காதீர்கள்!

இளைஞர்கள் பலர் இன்று உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகிறார்கள். நல்ல பழக்கம். பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால், அங்கே நடப்பது என்ன?

பக்கத்தில் நிற்பவர் 50 கிலோ தூக்குகிறார். அவர் ஐந்து வருடம் பழகியவர். நேற்றுச் சேர்ந்த தம்பிக்கு ரோஷம் வந்துவிடுகிறது. அவனும் 50 கிலோவில் கை வைக்கிறான். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை! அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. கட்டிய பணம் வீண்!

டாக்டர் காட்டிய வழி

இரண்டாம் உலகப் போரில் காயம் அடைந்த அமெரிக்க சிப்பாய்களுக்கு, டிலார்ம் என்ற ராணுவ டாக்டர் பளுப் பயிற்சி கொடுத்தார். அவரவர் கால் தாங்கும் எடையில் தொடங்கினார். பலம் கூடக் கூட, எடையைக் கூட்டினார். 1945-ம் ஆண்டு அதுபற்றி எழுதினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் அதுதான் நல்ல வழி.

எப்படித் தொடங்குவது?

வாரத்துக்கு 3 நாள் போதும். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் ஓய்வு வேண்டும். ஓய்வில்தான் தசை வளரும்.

ஐந்து பயிற்சிகள் போதும். பஸ்கி எடுப்பது, தண்டால் எடுப்பது, முதுகு வளையாமல் தரையில் உள்ள பளுவை எடுத்து நிமிர்வது, தலைக்கு மேல் பளுவை உயர்த்துவது, குனிந்து நின்று பளுவை இடுப்புப் பக்கம் இழுப்பது.

ஒவ்வொன்றும் 10 தடவை. அப்படி 2 சுற்று. பத்தாவது தடவை முடிந்ததும், "இன்னும் இரண்டு தடவை முடியும்" என்று தோன்ற வேண்டும். அதுவே சரியான எடை. 12 தடவை சுலபமாக வந்தால், எடையைக் கூட்டலாம். 10 கிலோ தூக்குகிறவர் ஒரு கிலோ கூட்டினால் போதும்.

மூச்சை அடக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இருதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

தாய்மார்களே!

"பெண்ணுக்கு எதற்கு இரும்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இரு முறைகளிலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் வாங்கினாரே, கர்ணம் மல்லேஸ்வரி! அவரும் பெண்தான். வயது ஏற ஏறத் தசை குறையும். எலும்பு பலம் இழக்கும். பளுப் பயிற்சி அதைத் தள்ளிப்போடும். வீட்டில் தொடங்க, தண்ணீர் நிரப்பிய இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையன் வீட்டுக்கு வந்ததும், "எத்தனை கிலோ தூக்கினாய்?" என்று கேட்காதீர்கள். "நாளை மறுநாளும் போவாய் அல்லவா?" என்று கேளுங்கள்!