பாதையில் எழுதிய பெயர்



சென்ற மாதம் ஒரு நாள் ஹட்டனில் மத்ரஸா அலுவல் ஒன்றை முடித்துக்கொண்டு நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ் ஏறினேன். நிற்கவும் இடமில்லாத கூட்டம். நம் நாட்டு பஸ் வண்டிகளில் முன் ஆசனம் மதகுருமாருக்கென ஒதுக்கப்பட்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் இருந்த வாலிபன் என் தொப்பியையும் ஜுப்பாவையும் கண்டு எழுந்து இடம் தந்தான். நானும் சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டேன். பாதையோ வளைவுக்கு மேல் வளைவு. பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர் ஒவ்வொரு வளைவிலும் என் தோளில் சாய்ந்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ, எரிச்சலுடன் கீழே பார்த்தேன். அவருடைய வலது காற்சட்டைக்குள் இருந்தது செயற்கைக் கால்.

வெட்கத்துடன் எழுந்தேன். "இருங்க நானா" என்றேன்.

"வேணாம் ஹஸரத், பழகிட்டு" என்றார். வற்புறுத்திய பிறகுதான் உட்கார்ந்தார்.

மலே குடும்பத்தவர். இராணுவத்தில் இருந்தவர். தொண்ணூறுகளில் வடக்கில் மிதிவெடியில் காலை இழந்து, ராகம ரணவிரு செவனவில் நடக்கப் பழகியவர். போகும் வழியில் ஒரு பஸ் தரிப்பிடத்தைக் காட்டினார். போரில் மரணித்த படைவீரர் ஒருவரின் பெயர் அதன் நெற்றியில் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. மழையிலும் பாசியிலும் பாதி எழுத்துக்கள் மறைந்திருந்தன. எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஒருநாளும் வாசித்ததில்லை.

"எங்களோட இருந்த பொடியன் ஹஸரத். அவன்ட அம்மா இப்பவும் இருக்கா. இந்தத் தரிப்பிடத்துலதான் அவவும் பஸ்ஸுக்கு நிக்கிறா. அவவட்ட யாரும் ஒண்டும் கேக்கிறதில்ல" என்றார்.

மகனின் பெயருக்குக் கீழே நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தாய்! அன்றிலிருந்து அந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே உங்களுடன் கதைக்கிறேன்.

இறந்த படைவீரர்களின் பெயரைப் பாதைகளுக்கு வைப்பது நம் நாட்டில் எங்கும் காணக்கூடியது. 1992 ஆகஸ்ட் 8 இல் அராலியில் கொல்லப்பட்ட ஜெனரல் டென்சில் கொப்பேகடுவவின் பெயரில் பத்தரமுல்லையில் ஒரு மாவத்தை இருக்கிறது. பெரிய தளபதிக்குப் பெரிய வீதி. கிராமத்து ஏழையின் மகனுக்கு ஒழுங்கையோ, தரிப்பிடமோ, கல்வெர்ட்டோ. இறந்தவர்களுக்கிடையிலும் பதவி பார்க்கிறோம், பாருங்கள்.

இது நாம் மட்டும் கண்டுபிடித்த வழக்கமல்ல. அமெரிக்காவில் இந்த வழக்கத்தைப் பரப்பியவர்களில் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு. அங்கே பிள்ளையைப் போருக்கு அனுப்பிய வீட்டின் ஜன்னலில் நீல நட்சத்திரம் பதித்த கொடியைத் தொங்கவிடுவது முதலாம் உலகப் போர்க் காலம் முதல் இருந்த வழக்கம். 1944 இல் நியூஜெர்சி மாநிலத்துத் தோட்டக் கழகப் பெண்கள், கல்லில் சிலை வைப்பதைவிட உயிருள்ள மரம் நல்லது என்று எண்ணி, ஐந்தரை மைல் நீளமான பாதையோரத்தில் பூமரங்களை நட்டார்கள். மறு வருடமே அது நாடளாவிய திட்டமாகி, நீல நட்சத்திர நினைவு நெடுஞ்சாலை என்று பெயர் பெற்றது. வீட்டு ஜன்னலில் இருந்த தாயின் கவலை நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டது.

அவுஸ்திரேலியாவில் வேறு விதம். முதலாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சுமார் 3,000 படைவீரர்களுக்குக் கூலி கொடுத்து, 1919 முதல் 1932 வரை கடலோரமாக ஒரு நீண்ட பாதையை வெட்டினார்கள். திரும்பி வராத தோழர்களின் நினைவுச் சின்னம் அந்தப் பாதைதான். செத்தவனுக்குப் பெயர், இருந்தவனுக்குத் தொழில். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் பாதைக்கும் படைக்கும் உள்ள தொடர்பு பழையது. கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும்போது கடுகண்ணாவையில் ஓர் உயர்ந்த கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதையைத் திட்டமிட்ட இராணுவப் பொறியியலாளர் கெப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பப்பட்டது. அதே பாதைக்கு இராஜகாரியம் என்ற கட்டாய வேலையில் மண் சுமந்த கிராமத்து மக்களுக்கு அங்கே கோபுரமில்லை. இராஜகாரியம் ஒழிக்கப்பட்டதும் அதே 1832 இல்தான். அவர்களுக்குக் கிடைத்த கௌரவம் அதுதான் போலும்.

நம்மவர்களின் கதையையும் கேளுங்கள். ஒல்லாந்தர் காலத்திலும் பிறகு ஆங்கிலேயர் காலத்திலும் ஜாவாவிலிருந்தும் சூழவுள்ள தீவுகளிலிருந்தும் வந்த மலே முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகப் படையில் இருந்தவர்கள். 1803 இல் கண்டியில் ஆங்கிலேயர் தோற்றபோது, அரசனின் பக்கம் சேர மறுத்த மலே அதிகாரி கெப்டன் நூர்தீன் உயிரை விட்டார். மலேயர் நிறைந்திருந்த இலங்கை ரைபிள் ரெஜிமென்ட் 1873 இல் கலைக்கப்பட்டது. அந்த மக்கள் தங்களை 'ஒராங் ரெஜிமென்', அதாவது ரெஜிமென்ட்டுக்காரர் என்றே சொல்லிக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் ஹுஸைன்மியா அவர்களைப் பற்றி 1990 இல் வெளியிட்ட நூலுக்கும் அதுவே பெயர். கொம்பனித்தெருவில் ரைபிள் வீதி என்றும் மலே வீதி என்றும் பெயர்ப் பலகைகளைக் காணலாம். பக்கத்தில் மாடிக்கு மேல் மாடி எழும்பிவிட்டது. நான் ஓதிக்கொடுத்த மலே பிள்ளைகள் சிலரிடம் ரைபிள் வீதிக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். யாரோ துவக்கு விற்றிருப்பார்கள் என்றான் ஒருவன். சிரித்தேன், ஆனால் மனம் சிரிக்கவில்லை.

இன்னொரு கௌரவமும் உண்டு. அமெரிக்காவில் 2022 நவம்பர் முதல் முன்னாள் படைவீரர்களும், போரில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்தவரும் தேசிய பூங்காக்களுக்கு ஆயுள் முழுவதும் இலவசமாகப் போகலாம். நல்ல விஷயம். நாட்டைக் காத்தவன் நாட்டின் அழகைப் பார்க்கக் காசு கொடுப்பதா என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் நம் ஹோட்டன் சமவெளியில் உலக முடிவைப் பார்த்துத் திரும்ப ஏறக்குறைய 9 கிலோமீற்றர் கல்லும் சேறுமான பாதையில் நடக்க வேண்டும். பஸ்ஸில் கண்ட அந்த நானாவின் கையில் இலவச டிக்கெட்டைக் கொடுத்தால், அவர் வாசலில் இருந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். டிக்கெட் இலவசமானால் போதாது, கால் போகும் வழியும் வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் பாதைக்குப் பெயர் வைத்ததாக நான் படித்ததில்லை. ஆனால் ஹிஜ்ரி 8 இல் முஃதா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது நடந்ததைப் படித்திருக்கிறேன். அவருடைய மனைவி அஸ்மா (ரலி) அன்று மாவு பிசைந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி எண்ணெய் பூசி வைத்திருந்தார்கள். கணவரின் செய்தி அவர்களுக்கு இன்னும் தெரியாது. நபியவர்கள் வந்து பிள்ளைகளை அழைத்து அணைத்து முகர்ந்தார்கள். கண்களில் நீர் வழிந்தது. அதைக் கண்டுதான் அஸ்மா (ரலி) அவர்களுக்கு விஷயம் விளங்கியது. பிறகு நபியவர்கள் தம் வீட்டாரிடம், ஜஃபரின் குடும்பத்துக்குச் சாப்பாடு செய்து அனுப்பும்படி சொன்னார்கள்.

சகோதரிகளே, மையித்து விழுந்த வீட்டுக்கு நீங்கள் சோறு சமைத்து அனுப்புகிறீர்களே, அதற்கு நாங்கள் ஆதாரம் காட்டுவது இந்தச் சம்பவத்தைத்தான். போரில் இறந்த ஒருவரின் சமையலறையிலிருந்து அது உங்கள் சமையலறைக்கு வந்திருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் ஒரு படி மேலே போனார்கள். ஹிஜ்ரி 20 அளவில் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தி, படைவீரர்களின் பெயர்களை எழுதி, அவர்களுக்கும் குடும்பத்துக்கும் கொடுப்பனவு வைத்தார்கள். முதலில் பால் மறந்த பிள்ளைகளுக்கே கொடுப்பனவு இருந்தது. ஓர் இரவு, அந்தக் காசுக்காகப் பாலை அவசரமாக மறக்கடித்த தாயையும் அழும் குழந்தையையும் கண்டு கலங்கி, பிறந்த நாளிலிருந்தே கொடுக்கும்படி மாற்றினார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தப் பதிவேட்டில் பெயர் எழுதினால் அந்த வீட்டு அடுப்பு எரியும். நம் நாட்டிலும் 1999 இல் ரணவிரு சேவா அதிகாரசபை என்ற ஒன்றைச் சட்டத்தின் மூலம் அமைத்தார்கள், நோக்கம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் என் மனச்சாட்சி குத்தும். எதிர்ப்பக்கத்தில் நின்று செத்த பிள்ளைகளுக்கும் தாய்மார் உண்டு. அவர்களை அடக்கிய துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. 1990 இல் எங்கள் மக்களை யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்தில் விரட்டியவர்கள், காத்தான்குடிப் பள்ளியில் தொழுதவர்களைச் சுட்டவர்கள் என்று உங்களில் சிலருக்குக் கோபம் வரும். எனக்கும் வரும். ஆனாலும் மகனின் கபுறு எங்கே என்று தெரியாத தாயிடம் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு போக என்னால் முடியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பஸ் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வியாழக்கிழமை நான் ஹட்டனுக்குப் புறப்படும்போது வட்டிலாப்பம் வைத்த ஒரு பாத்திரத்தைக் கையில் தந்தார். "அந்த அம்மா நின்டா குடுங்க" என்றார்.

அன்று அவர் இல்லை. வட்டிலாப்பத்தை மத்ரஸாப் பிள்ளைகள் தின்றார்கள். அதற்கடுத்த வாரம் இருந்தார். குடையும் ஒரு பையுமாகத் தரிப்பிடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த மெலிந்த கிழவி. நான் இறங்கிப் பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மேலே எழுதியிருக்கும் பெயரைக் காட்டி, மகன் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். அவர் என் முகத்தையும் தாடியையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு பேசத் தொடங்கினார். நோட்டன் பிரிட்ஜ் பஸ் இரண்டு போய்விட்டன.