மலைப்பாதையும் துவிச்சக்கரமும்

வட்டவளையைக் கடந்து அட்டனை நோக்கி ஏறும் பெருந்தெருவில் றொசல்ல ஒரு சிற்றூர். சிறியதொரு புகையிரத நிலையம், தேயிலைச் சரிவு, லயங்கள், மாலையானால் மூடுபனி. இவ்வளவே அதன் அடையாளம். அவிசாவளையில் தாழ்நிலத்தை விட்டுக் கிளம்பும் இத்தெரு, கித்துல்கலை, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை எனச் சுற்றிச் சுற்றி ஏறி, ஏறத்தாழ 120 கிலோமீற்றரில், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைகின்றது. பிரான்சு தேசத்தில் அல்ப்-துவெஸ் என்னும் மலைப்பாதையின் 21 வளைவுகளுக்கும் அங்கு வென்ற துவிச்சக்கர வீரர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கின்றனர். நமது வளைவுகளிலோ லொறிச் சாரதிகளுக்கான எச்சரிக்கைப் பலகைகளையே காண்கின்றோம்.

1896ஆம் ஆண்டு அதென்சில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக்கிலேயே துவிச்சக்கர ஓட்டம் இடம்பெற்றது. வட்டரங்கில் 100 கிலோமீற்றர், அதாவது 300 சுற்றுக்கள், ஓடிய பிரெஞ்சுக்காரர் பிளமெங், தம் கிரேக்கப் போட்டியாளரின் வண்டி பழுதானபோது தாமும் நின்று காத்திருந்து, பின்னரே ஓட்டத்தைத் தொடர்ந்து வென்றார். அரங்கத்தில் வீரம் மட்டுமன்றிப் பண்பும் அரங்கேறியதென்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம். 1951இல் புதுடில்லியில் கூடிய முதலாவது ஆசிய விளையாட்டு விழாவிலும் இவ்வோட்டம் உண்டு. பெண்களுக்கோ 1984இல், லொஸ் ஏஞ்சல்சில்தான் ஒலிம்பிக் கதவு திறந்தது. 88 ஆண்டுகள் காக்கவைத்த கதவு!

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1960இல் றோம் நகர ஒலிம்பிக்கில் மொறிஸ் குமாரவேல் இலங்கையின் சார்பில் தெருவோட்டத்திலும் வட்டரங்கின் 1000 மீற்றர் நேர ஓட்டத்திலும் பங்குபற்றினார். கொடிய வெயிலில் 175 கிலோமீற்றர் நீண்ட தெருவோட்டம் அது. வெற்றி பெற்ற சோவியத் வீரர் கப்பித்தோனவ், இன்னும் ஒரு சுற்று எஞ்சியிருப்பதை மறந்து முன்னதாகவே பாய்ந்து முடித்துவிட்டு, மறுபடியும் ஒரு சுற்று ஓடி மீண்டும் வென்றாராம். அத்தகைய பந்தயத்தில் நம்மவர் ஒருவரும் நின்றார் என்பதை எத்தனை பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கின்றோம்?

வட்டரங்கிற்குப் பொருள் வேண்டும். 250 மீற்றர்ச் சுற்று, வளைவுகளில் 40 பாகைக்கும் மேற்பட்ட சரிவு, தடுப்பு இல்லாத வண்டி என்பன தோட்டப் பாடசாலையின் கனவுக்கும் எட்டாதவை. தெருவோட்டத்தின் இயல்பு வேறு. சமதரையில் ஒருவர் பின் ஒருவர் ஒண்டிச் செல்லும்போது, காற்றைக் கிழித்து முன்செல்பவரிலும் பின்வருபவருக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சமாகும். பலர் நிழலில் ஒருவர் மறைந்து செல்லலாம். மலையேற்றத்தில் வேகம் குறையவே அந்த நிழல் பெரும்பாலும் அற்றுப்போகின்றது. அங்கே ஒவ்வொருவரும் தம் நெஞ்சையும் கால்களையும் மட்டுமே நம்ப வேண்டும். பெரும் போட்டிகள் பல மலைகளிலேயே தீர்மானிக்கப்படுவதன் காரணம் இது.

மாணவர்க்கு இன்னொரு செய்தி. 2021இல் தோக்கியோவில் பெண்களின் 137 கிலோமீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்ற ஒஸ்திரிய நாட்டு அன்னா கீசன்ஹோபர், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தொழில்முறைக் குழு எதிலும் அன்று சேராதவர். இறுதி 40 கிலோமீற்றரளவும் தன்னந்தனியே ஓடினார். காதிற் பொருத்தும் வானொலிக்கு ஒலிம்பிக்கில் இடமில்லாமையால், இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனை தாமே வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். விளையாட்டுக்குப் போனால் படிப்புக் கெடும் என்னும் பெற்றோருக்கு ஆசிரியர்கள் இதனை எடுத்துரைக்கலாம்.

ஆயினும் மலையிற் பிறந்தமையாலேயே வீரர் தோன்றிவிடுவார் எனக் கூற நாம் துணியோம். 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவர்கள். நாடு முழுவதற்குமோ 17 பேர். கொழுந்துக் கூடையுடன் செங்குத்துச் சரிவில் ஏறும் தாயின் மூச்சு, பிள்ளைக்கு வேண்டிய உணவாகி விடாது. முதலில் முட்டையும் பாலும்; பின்னரே பதக்கம்.

நம்மைப் போலவே தேயிலை விளையும் மலைநாடு ருவாண்டா. 1994இன் பேரழிவிலிருந்து மீண்ட அந்நாட்டின் கொடியை 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஏந்திச் சென்றவர் அத்ரியன் நியோன்சுட்டி என்னும் துவிச்சக்கர வீரர். 2025 செப்டெம்பரில் உலகத் தெருவோட்டச் சாம்பியன் போட்டி, ஆபிரிக்க மண்ணில் முதன்முறையாக, அதன் தலைநகர் கிகாலியில் நடந்தேறியது.

பெரிய அரங்கை நாம் வேண்டவில்லை. ஆண்டுக்கொரு ஞாயிறு காலை, கினிகத்தேனை முதல் அட்டன் வரை வாகனங்களை இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, பாடசாலைப் பிள்ளைகளை, சிறுமியரையும் சேர்த்தே, ஓடவிடலாகாதா? கல்வித் திணைக்களமும் தோட்ட நிர்வாகங்களும் பொலிசாரும் ஒருங்கே அமர்ந்து பேசினால் ஒரு மாதத்தில் முடியக்கூடிய காரியம். வண்டிகளை இரவல் பெறலாம். றொசல்ல வளைவில் தண்ணீர்ப் போத்தலுடன் நிற்க ஆசிரியர் இருவர் முன்வந்தாற் போதும்.