கை மரத்துப் போகுதா? ஹேண்டில்பாரைப் பாருங்க!

சைக்கிள் வாங்கப் போகிற வீட்டில் என்னவெல்லாம் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? எத்தனை கியர், எந்தக் கம்பெனி, டிஸ்க் பிரேக் உண்டா, கலர் கறுப்பா சிவப்பா... இவ்வளவும் பேசுவார்கள். 'இதைப் பிடித்துக்கொண்டு மூணு மணி நேரம் ஓட்ட முடியுமா?' என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்பது என் கட்சி.

சைக்கிளில் நம் உடம்பு ஐந்து இடங்களில் படுகிறது. இரண்டு பாதம், உட்காருகிற இடம், இரண்டு உள்ளங்கை. பாதம் எடையைத் தாங்கவே ஏற்பட்டது. உட்காருகிற இடத்தில் கெட்டியான எலும்பும் சதையும் இருக்கின்றன. உள்ளங்கை பாவம்... பிடிக்கவும் பிசையவும் எழுதவும் ஏற்பட்டது. அதன் மேல் மேலுடம்பின் பாரத்தை இறக்கி வைத்து, குண்டும் குழியுமான ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் குலுக்கினால் அது என்ன செய்யும்?

2020 ஊரடங்கு சமயத்தில் நம் ஊர்களில் சைக்கிள் ஆசை மறுபடி துளிர்த்தது. நல்லதுதான். சர்க்கரையும் கொழுப்பும் குறைய சைக்கிளைவிட மலிவான மருந்து இல்லை. இப்போது காலேஜ் பிள்ளைகளும் ஐ.டி. பையன்களும் கேட்பது 'கிராவல் பைக்'. தார் ரோடு, செம்மண், சரளைக் கல், கால்வாய்க் கரை எல்லாவற்றிலும் போகும் சைக்கிள். அதன் அடையாளமே அந்த ஹேண்டில்பார்தான். பந்தய சைக்கிள் மாதிரி ஆட்டுக்கடாக் கொம்பாக வளைந்து கீழே இறங்கும். ஆனால் நேராக இறங்காமல், பாவாடை விரிவது போல வெளிப்பக்கமாக விரிந்து இறங்கும். கடையில் 'ஃப்ளேர்டு டிராப் பார்' என்பார்கள். வாய்க்குள் நுழையவில்லை அல்லவா? இந்தக் கட்டுரை முடியும் வரை 'விரிகொம்பு' என்று வைத்துக்கொள்வோம்.

இது நேற்று முளைத்த ஃபேஷன் இல்லை. மலைச் சைக்கிள் பிறந்த காலத்திலேயே கலிஃபோர்னியாவில் சார்லி கன்னிங்ஹாம் போன்றவர்கள் கொம்பை வெளிப்பக்கம் விரித்து மாட்டி, மண் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். பிறகு 2006-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்ற சிற்றூரில் சரளைக் கல் பாதையில் ஒரு பந்தயம் தொடங்கியது. ஒரே மூச்சில் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர். அந்த மாதிரிப் பந்தயங்கள் வளர வளர, இந்த ஹேண்டில்பாரும் உலகமெல்லாம் பரவியது. 2022-ல் இத்தாலியில் கிராவல் சைக்கிளுக்கென்றே உலக சாம்பியன் போட்டியும் வந்துவிட்டது.

சரி, இதனால் உடம்புக்கு என்ன லாபம்?

வளைந்த ஹேண்டில்பாரில் கை வைக்க மூன்று இடங்கள் உண்டு. மேலே குறுக்குக் கம்பி, முன்னால் பிரேக் பிடியின் தலை, கீழே வளைவு. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையை மாற்றிக்கொண்டே போகலாம். ஒரே நரம்பின் மேல் ஒரே அழுத்தம் நிற்காது. நேர்க் கம்பி ஹேண்டில்பாரில் இந்த வசதி இல்லை, ஒரே பிடிதான்.

பழைய பந்தயக் கொம்பில் ஒரு தொல்லை. கீழ் வளைவைப் பிடித்தால் முன்கை மேல் கம்பியில் இடிக்கும், மணிக்கட்டு மடங்கும். கொம்பு விரிந்திருந்தால் முன்கைக்கு வழி கிடைக்கிறது. பிடியும் அகலமாகிறது. சரளைக் கல்லில் முன் சக்கரம் அலையும்போது, கொஞ்சம் பலத்திலேயே அடக்கிவிடலாம். இறக்கத்தில் கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டால் பிரேக் லீவரின் நுனி விரலுக்கு எட்டும். குறைந்த பலத்தில் பிரேக் பிடிக்கும். விரல்கள் ஓய்ந்து போவதில்லை. எனவே, பல விதமான பாதைகளில் ஓட்டுகிறவர்களுக்கு விரிகொம்பை நான் சிபாரிசு செய்கிறேன். ஆனால்...

அந்த 'ஆனால்' தான் என் கிளினிக்குக்கு வந்து சேருகிறது.

போன வருஷம் ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு 24 வயசு. "என்னன்னு பாருங்க டாக்டர், இவனுக்குச் சட்டைப் பட்டன் போட வரமாட்டேங்குது. வாதமா இருக்குமோன்னு பயமா இருக்கு. நல்ல தைலமாக் குடுங்க" என்றார். வலது கையில் சுண்டு விரலும், மோதிர விரலில் பாதியும் மரத்திருந்தன. விரல்களை விரிக்கச் சொன்னால் தடுமாறினான். "தம்பி, சைக்கிள் ஓட்டுறியா?" என்றேன். "ஞாயித்துக்கிழமை நூறு கிலோமீட்டர் சார்" என்று பெருமையாகச் சொன்னான். "அடுத்த தடவை சைக்கிளோட வா" என்று சொல்லி அனுப்பினேன்.

சித்த மருத்துவத்தில், கைகால்களை நீட்டவும் மடக்கவும், தொடு உணர்ச்சி தெரியவும் வியானன் என்கிற வாயு காரணம் என்று படித்தோம். மணிக்கட்டில் மணிபந்த வர்மம் என்று ஒன்றை வர்ம மருத்துவம் சொல்கிறது. நவீன மருத்துவம் அதே வட்டாரத்தில் நரம்பின் பாதையைக் காட்டுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் 'சுரீர்' என்று சுண்டு விரல் வரைக்கும் பாயுமே, அந்த அல்நார் நரம்புதான். உள்ளங்கையின் அடிப்பக்கத்தில், சுண்டு விரல் ஓரமாக, பட்டாணி அளவு சின்ன எலும்பை ஒட்டி ஒரு குறுகிய சந்து வழியாக அது போகிறது. ஹேண்டில்பார் அழுத்துவதும் அதே இடம்தான்! சைக்கிள்காரர்களுக்கு வருகிற கை மரப்பு என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தால் அது வேறு நரம்பு. மணிக்கட்டின் நடுவில் அழுத்தம் என்று அர்த்தம்.

பையன் சைக்கிளோடு வந்தான். பார்த்தேன். தோள் அகலம் 40 சென்டிமீட்டர்; ஹேண்டில்பார் மேலேயே 46. விரிவு 24 டிகிரி. ஏதோ வெளிநாட்டு வீரரின் படத்தைப் பார்த்து வாங்கியதாம். விரிவு கூடினால் பிரேக் பிடியின் தலையும் சாய்ந்துகொள்ளும். கொஞ்சம் சாய்ந்தால் கைக்குச் சுகம். ரொம்பச் சாய்ந்தால், அதைப் பிடிக்க மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியே நிற்க வேண்டும். போதாக்குறைக்கு சீட்டின் மூக்கைக் கீழே இறக்கி வைத்திருந்தான். உடம்பு முன்னால் வழுக்கும். வழுக்கும் உடம்பை உள்ளங்கைதானே முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும்?

தைலம் கேட்ட அம்மாவுக்கு உளுந்துத் தைலம் கொடுத்தேன். இளஞ்சூட்டில் முன்கையில் லேசாகத் தடவ மட்டும். மரத்த இடத்தைப் போட்டு அழுத்தி நீவக் கூடாது. ஏற்கெனவே நசுங்கிய நரம்பு அது. ஆறு வாரம் சைக்கிளைத் தொடாதே என்றேன். சீட்டை மட்டமாக்கி, ஹேண்டில்பாரை 40 அகலம், 12 டிகிரிக்கு மாற்றச் சொன்னேன். மூணாவது மாசம் பட்டன் போட்டுக் காட்டினான். தைலத்துக்கு அதில் எவ்வளவு பங்கு, ஓய்வுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் ஓய்வின் கட்சிதான் நான்!

டிகிரி கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கொம்பு 11.5 சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது என்று வையுங்கள். 12 டிகிரி என்றால் பக்கத்துக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் விரியும். 16 என்றால் மூணேகால். 24 என்றால் ஐந்து. இரண்டு பக்கமும் சேர்த்து பத்து! தார் ரோடு பாதி, மண் பாதி என்று ஓட்டுகிறவர்களுக்கு 12 முதல் 16 வரை போதும் என்பேன். நாள் முழுக்க காட்டிலும் மேட்டிலும் ஏறி இறங்குகிறவர்கள் மட்டும் 20-க்கு மேல் யோசிக்கட்டும். நம் பஜார் நெரிசலில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைய, விரிந்த கொம்பு இடைஞ்சல் என்பதையும் மறக்க வேண்டாம்.

அகலத்துக்கு வீட்டிலேயே அளவெடுக்கலாம். ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, தோளின் மேல் மேடாகத் தெரியும் எலும்பு முனையிலிருந்து மறு முனை வரை டேப் வைத்துப் பாருங்கள். பிரேக் பிடி இருக்கும் இடத்தில் அகலம் அதையொட்டி இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை... சில கம்பெனிகள் மேல் அகலத்தைச் சொல்லும், சில கீழ் முனை அகலத்தைச் சொல்லும். '42' என்றால் எங்கே 42 என்று கேட்டுவிடுங்கள். பெண்களுக்கும் சின்ன விரல் உள்ளவர்களுக்கும் இன்னொரு விஷயம். அநேக பிரேக் லீவர்களில் பிடியைக் கிட்டே கொண்டுவர ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. திருப்பித் தரச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் யாரும் செய்வதில்லை.

வீட்டில் இருக்கும் நேர்க் கம்பி சைக்கிளிலேயே இதை மாட்டிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். நேர்க் கம்பியின் கனம் 22.2 மில்லிமீட்டர், வளைந்த கம்பி 23.8. பழைய பிரேக் லீவரும் கியர் லீவரும் இதில் ஏறாது. புதிதாக வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், நேர்க் கம்பிக்கென்று செய்த ஃபிரேம் நீளமானது. அதில் வளைந்த கொம்பை மாட்டினால் பிடி இன்னும் முன்னால் தள்ளிப் போகும். எட்டிப் பிடித்துக் கழுத்தும் முதுகும் வலிக்கும். செலவு செய்து வலியை வாங்குவானேன்? அந்தக் காசில் 40 மில்லிமீட்டர் அகல டயர், ஃபிரேமில் இடமிருந்தால், போடுங்கள். காற்றைக் கல் மாதிரி அடிக்காமல் கொஞ்சம் இளக்கமாக வையுங்கள். குலுக்கலில் பாதி டயரிலேயே அடங்கிவிடும்.

என்னைப் போல ஐம்பது தாண்டி, கடைத்தெருவுக்கும் வாக்கிங்குக்குப் பதிலாகவும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் செலவெல்லாம் தேவையே இல்லை. நம் அப்பாக்கள் ஓட்டிய சைக்கிளின் ஹேண்டில்பார், நம்மை நோக்கிப் பின்னால் வளைந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? முதுகு நிமிர்ந்திருக்கும்; கையில் பாரம் விழாது. நான் கிளினிக்குக்குப் போவது இன்றைக்கும் அதில்தான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் நரம்பு ஏற்கெனவே நொந்திருக்கும். கொஞ்ச அழுத்தமே போதும், மரப்பு வந்துவிடும். சைக்கிளை விட்டு இறங்கி, கையை உதறினதும் மரப்பு போய்விட்டால் பயமில்லை. ஹேண்டில்பாரையும் சீட்டையும் சரி பாருங்கள். மறுநாளும் மரப்பு நின்றாலோ, சாவியைத் திருகவோ பேனா பிடிக்கவோ பலம் குறைந்தாலோ தைலத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். நரம்பு மருத்துவரிடம் போய், நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். நாள் கடந்தால் கையின் சின்னச் சதைகள் வற்றிவிடும். வற்றின சதையை மீட்பது எந்த வைத்தியத்துக்கும் சிரமம்.

கடையில் ஒரு பரீட்சை செய்யுங்கள். யாரையாவது சைக்கிளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஏறி உட்கார்ந்து, பெடலில் கால் வைத்து, பிரேக் பிடியின் தலையைப் பிடியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கிறதா? இப்போது இரண்டு கையையும் ஒரு அங்குலம் மேலே தூக்குங்கள். முன்னால் சாயாமல் இருக்க முடிந்தால் சரி. சாய்ந்தால் பாரமெல்லாம் உள்ளங்கையில் இருக்கிறது என்று அர்த்தம். சீட்டைச் சரி செய்யச் சொல்லுங்கள், ஹேண்டில்பாரை உயர்த்தச் சொல்லுங்கள், சின்ன சைஸ் ஃபிரேமைக் காட்டச் சொல்லுங்கள். "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால், பக்கத்துக் கடைக்குப் போங்கள்.